கதவளவு நூல்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் உன் மகள் சிட்டுவும் சுகமாக இருக்கிறோம். இஸ்திரிப் பெட்டி பட்டுக் கையில் வந்த கொப்புளம் ஆறிவிட்டதா? மருந்து போடாமல் நாளைக் கடத்துகிறவள் நீ. அதனால்தான் முதலில் அதைக் கேட்கிறேன்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. நம் தெருக்கோடியில் இருக்கிற தையல் கம்பெனியில்தான். ஆனால் தைக்கிற வேலை இல்லை. கீழே அம்மாக்கள் தைக்கிறார்கள். மாடியில் அவர்களுடைய குழந்தைகளுக்கென்று ஓர் அறை இருக்கிறது. அங்கே டீச்சருக்கு உதவியாக இருக்கிறேன். சிட்டுவையும் கூட்டி வரலாம் என்றார்கள். முதல் நாள் டீச்சர் என் பெயரைக் கேட்டபோது வழக்கம்போல எனக்கு வாய் ஒட்டிக்கொண்டது. சிட்டுதான் காப்பாற்றினாள். "இவங்களுக்குப் பேர் இருக்கு. அப்புறமா சொல்வாங்க" என்றாள்.

கீழே மெஷின்கள் ஓடும்போது மாடித் தரை லேசாக அதிரும். பாயில் படுத்திருக்கிற குழந்தைகள் அந்த அதிர்விலேயே தூங்கிப் போவார்கள். கரண்ட் போய்ச் சத்தம் நின்றால் எல்லோரும் ஒன்றாகக் கண் விழிப்பார்கள். அப்போது கீழே அம்மாக்கள் பேசுவது தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் மேலே கேட்கும். ஒவ்வொரு குழந்தையும் அதில் தன் அம்மாவின் குரலைத் தேடித் தலையைச் சாய்க்கும். சிட்டு மட்டும் என் முகத்தைப் பார்ப்பாள்.

கட்டிங் மாஸ்டர் வெட்டிக் கழித்த துண்டுத் துணியை மூட்டை மூட்டையாக மேலே அனுப்புகிறார், தலையணைக்குள் திணிக்கச் சொல்லி. அதைப் பார்த்ததும் எனக்கு ஆசை வந்தது. ஓரளவு வளர்ந்த பிள்ளைகளுக்கு மொட்டை ஊசி கொடுத்து ஓட்டுத்தையல் சொல்லித் தருகிறேன். துண்டுகளை அடுக்கிச் சுற்றிலும் தைத்தால் சூடான பாத்திரம் பிடிக்கிற துணி ஆகிவிடுகிறது. இந்தக் கடிதத்தோடு இருப்பது சிட்டு தைத்தது. நீல நூல் அவள் கேட்டது. "அக்காவுக்கு அனுப்பு, அக்காவுக்குக் கை சுடாது" என்றாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


ஜனவரி 30

என் வாயில்லாப் பூச்சிக்கு,

நீ அனுப்பியது கிடைத்தது. கொப்புளம் ஆறித் தோலும் உரிந்துவிட்டது. அப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது? ராத்திரி காவலுக்குப் போகும்போது காதைச் சுற்றித் துண்டு கட்டச் சொல்.

சிட்டு தைத்த துணியை இஸ்திரிப் பெட்டியின் பிடியில் சுற்றிக்கொண்டேன். இந்த விடுதியின் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க ஆவிதான். எதிரே நிற்பவள் முகம்கூடத் தெரியாது. அந்த வெள்ளைக்குள் என் கையில் மட்டும் நீலமாக ஒரு கோணல் கோடு. பக்கத்து மேசைக்காரி, "யார் கொடுத்தாங்க, மாப்பிள்ளையா?" என்று கிண்டல் செய்தாள். என் பெண் என்றேன். அதற்குப் பிறகு அவள் கிண்டல் செய்யவில்லை.

இங்கே மூன்று பேருக்கு ஓர் அறை. கதவுக்கடியில் காற்று புகுந்து காலைக் கடிக்கிறது. கதவுப் பக்கம் படுப்பவள் நான்தான்.

ஒன்று கேட்கட்டுமா? "அக்காவுக்குக் கை சுடாது" என்று சிட்டு சொன்னதாக எழுதியிருந்தாய். யார் அந்த அக்கா? அவள் என்னை அப்படியா சொல்கிறாள்? சும்மாதான் கேட்டேன்.

எல்லோரும் சாப்பிட்டு, தூங்கி, நன்றாக இருங்கள்.

அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவுக்கு இருமல் குறைந்துவிட்டது. காதைச் சுற்றிக் கட்டுகிறார், ஆனால் தெரு திரும்பியதும் அவிழ்த்துவிடுகிறார் என்று சிட்டு கண்டுபிடித்துவிட்டாள். உனக்குச் சளி ஏதும் இல்லையே?

இப்போது பை தைக்கிறோம். துணியை உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி மடித்து, மூன்று பக்கம் தைத்து, பிறகு திருப்ப வேண்டும். திருப்புகிற வரை பார்க்க அசிங்கமாக, பிசிறும் முடிச்சுமாக இருக்கும். ஒரு பையன் முதல் நாள் அழுதே விட்டான். நான் அவன் கையைப் பிடித்துப் பைக்குள் விட்டு, மூலையைக் கிள்ளி இழுக்கச் சொன்னேன். பை தன்னைத் தானே விழுங்கிக்கொண்டு வேறொன்றாக வெளியே வந்தது. அவன் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தான். அன்றிலிருந்து எல்லாவற்றையும் திருப்பிப் பார்க்கிறார்கள். தலையணை உறை, சாக்ஸ், சட்டைப் பை, கட்டிங் மாஸ்டரின் தொப்பி. அவர் தொப்பியைத் தேடி மேலே வந்தார். சிரிக்காமல் இருக்க நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

செருப்புப் பை, சோப்புப் பை, அப்பாவின் கண்ணாடிக்கு ஓர் உறை எல்லாம் ஆயிற்று. அடுத்து உன் கதவுக்கு. நீளமான பையாகத் தைத்து, உள்ளே துண்டுத் துணியைத் திணித்துக் கதவடியில் போட்டால் காற்று வராது. கதவு எவ்வளவு அகலம்?

பதிலில் எழுது. இருட்டிவிட்டது, நிறுத்துகிறேன்.

உன் தங்கை


மார்ச் 6

என் பூச்சிக்கு,

நலம். நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன்.

அளவெடுக்க இங்கே எதுவும் இல்லை. கிழிந்த விரிப்பிலிருந்து ஒரு நூலை உருவிக் கதவின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பிடித்து அறுத்தேன். கடிதத்துக்குள் சுருட்டி வைத்திருக்கிறேன். பிரிக்கும்போது கவனம், பறந்துவிடும்.

ஒரு நல்ல சேதி. விடுதியின் பின்கட்டில் ஒரு சின்ன அறை காலியாகப் போகிறது. குழந்தை உள்ளவர்களுக்கு முதலில் கொடுப்பார்களாம். எழுதிக் கொடுத்துவிட்டேன். கிடைத்தால் சிட்டுவை என்னோடு கூட்டி வந்துவிடலாம். இங்கே பக்கத்திலேயே பள்ளிக்கூடம் இருக்கிறது. அப்புறம் உனக்கும் விடுதலை.

போன தடவை நான் கேட்டதற்கு நீ பதில் சொல்லவில்லை. தொப்பிக் கதையில் மறந்திருப்பாய்.

அக்கா


ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. நீ எப்படி இருக்கிறாய்?

உன் நூல் பத்திரமாக வந்து சேர்ந்தது. அறையின் நடுவில் அதை நீட்டி வைத்து, இதுதான் அந்த ஊர்க் கதவு என்றேன். நான் வேறொன்றும் சொல்லவில்லை. பிள்ளைகள் வரிசையாக வந்து நூலுக்கு முன்னால் நின்றார்கள். ஒருத்தி காற்றில் தட்டினாள். மற்றவர்கள் அவள் பின்னால் சத்தம் போடாமல் தாண்டிப் போனார்கள். அந்தப் பக்கம் போனதும் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். அங்கே குளிர்கிறது என்று இரண்டு பேர் போர்வை கேட்டார்கள். சிட்டு மட்டும் தாண்டவில்லை. நூலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அதன் நுனியைப் பிடித்துக்கொண்டாள், பறந்துவிடாமல் இருக்க.

பையை ஆளுக்கொரு துண்டாகத் தைத்து ஒன்றோடொன்று சேர்த்தேன். கோடு போட்டது, பூப் போட்டது, வெல்வெட், கைக்குட்டைத் துணி. பார்த்தால் நிறம் நிறமாக விழுங்கிய பாம்பு மாதிரி இருக்கிறது. திணிக்கும்போது ஒவ்வொருவரும் உள்ளே ஏதோ ரகசியம் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. தனிப் பொட்டலமாக அனுப்பியிருக்கிறேன்.

நீ கேட்டதற்கு: எங்கள் அறையில் எல்லாக் குழந்தைகளும் வாய் தவறி டீச்சரையும் என்னையும் அம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். நாங்களும் ம் என்கிறோம். சிட்டுவும் அப்படித்தான், வாயில் வருவதைச் சொல்கிறாள்.

அறை விஷயம் சந்தோஷம். அதில் ஜன்னல் இருக்கிறதா? வாசலில் படி உண்டா? நீ வேலைக்குப் போனால் அவளை யார் பார்த்துக்கொள்வார்கள்? மெஷின் சத்தம் இல்லாமல் பகலில் அவளுக்குத் தூக்கம் வராது. அங்கே ஏதாவது சத்தம் கேட்குமா?

உன் தங்கை


மே 10

என் பூச்சிக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கு எழுது.

உங்கள் பாம்பு வந்து கதவடியில் படுத்துவிட்டது. இப்போது காற்று வருவதில்லை. ஆனால் தூக்கமும் வருவதில்லை. அந்தப் பிள்ளைகள் உள்ளே என்ன சொல்லியிருப்பார்கள் என்று காதை வைத்துக் கேட்டுக்கொண்டே படுத்திருக்கிறேன். இதில் சிட்டு தைத்த துண்டு எது என்று நீ எழுதவில்லை. நானே நீல நூலை வைத்துக் கண்டுபிடித்துக்கொண்டேன்.

அறையில் ஜன்னல் இருக்கிறது. படி இல்லை. கூடத்தின் மூலையில் பிள்ளைகள் உட்கார இடம் உண்டு. துணி துவைக்கிற பெரிய மெஷின் சுவருக்கு அந்தப் பக்கம் ஓடுகிறது. நீ இன்னும் எத்தனை கேள்வி கேட்டாலும் பதில் வைத்திருக்கிறேன்.

வாய் தவறுவது வேறு, அது எனக்குத் தெரியும். கோபமில்லை என்று முதலில் எழுதினேன். எழுதிய தாளைத் தபாலில் போடாமல் சில நாள் வைத்திருந்தேன், ஏனென்றால் கோபம் இருந்தது. இப்போது இது வேறு தாள். அவள் அப்பா நம்மை விட்டுப் போனபோது அவளுக்கு நடக்கக்கூட வராது. நான் வேலைக்குக் கிளம்பியதும் நீ பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டாய். உன்னிடம் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை? ஆனால் உள்ளதைச் சொல். அவள் என்னை யாரென்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்?

அறை கிடைத்துவிட்டது. ஜூலை தொடக்கத்தில் வருகிறேன்.

அக்கா


மே 25

அக்காவுக்கு,

மூவரும் நலம்.

உன் கடிதம் வந்தால் நான் சத்தமாகப் படிப்பேன். "அக்கா எழுதியிருக்கா, வா" என்று அவளைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டு படிப்பேன். இப்படிப் படித்துப் படித்து, உன் பெயர் அக்கா என்று ஆகிவிட்டது. வீட்டில் அம்மா என்ற பெயர்தான் காலியாக இருந்தது, அதை எனக்குக் கொடுத்துவிட்டாள்.

ஒருநாள் உட்கார வைத்துச் சொன்னேன். நான் சித்தி, அக்காதான் உன் அம்மா என்றேன். அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். "அப்ப உனக்கு யாரு அக்கா?" என்று கேட்டாள். எனக்கும் அவங்கதான் என்றேன். "ரெண்டு பேருக்கும் ஒருத்தரேவா? பத்தாதே" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அதற்கு மேல் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை.

நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்டால் தபால் பெட்டியைக் காட்டுகிறாள். நாங்கள் தைத்து முடிக்கிறதெல்லாம் போய்ச் சேருகிற இடம்தான் அக்கா என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அது கெட்ட இடம் இல்லை, அக்கா. அவள் நன்றாகத் தைத்ததை மட்டும்தான் அங்கே அனுப்பச் சொல்வாள். கோணிப்போனதை எனக்குக் கொடுத்துவிடுவாள்.

உள்ளதைச் சொல்லச் சொன்னாய். இவ்வளவுதான் உள்ளது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


ஜூன் 9

என் பூச்சிக்கு,

நலம். உன் கடிதத்தை ஆவிக்குள் நின்று படித்தேன். அங்கே யார் முகமும் யாருக்கும் தெரியாது என்பது நல்ல வசதி.

அழவைத்துத் தூக்கிக்கொண்டு வர எனக்கு இஷ்டமில்லை. ரயிலில் ஒரு பகல் முழுக்க நானும் அவளும் மட்டும் உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு ஒரு பொத்தான் தைக்கக்கூட வராது. ஊர்ப்பட்ட துணியை மடித்து வைக்கிறேன், தைக்கத் தெரியாது. அவளோடு எப்படி உட்கார்ந்து தைப்பது என்று எழுது. நீ அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதுபோல் எனக்கும் சொல்லித் தா.

அப்பாவிடம் நான் வருகிற தேதியைச் சொல். நான் வரும்போது நீ கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளக் கூடாது.

அக்கா


ஜூன் 22

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். தேதியை அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "ரெண்டு பேரும் நேர்ல பார்த்தா ஒரு வார்த்தை பேச மாட்டீங்க, தபால்ல மட்டும் கட்டுக் கட்டா பேசுவீங்க" என்றார். பிறகு தாடியை மழித்துக்கொண்டார், நீ நாளைக்கே வருகிற மாதிரி.

பயணத்துக்கு ஒரு சீப்புப் பை வெட்டி வைத்திருக்கிறேன். சின்னது, மடியில் வைத்துத் தைக்கலாம்.

ஊசியில் நூல் கோர்க்க அவளுக்கு நேரமாகும். நாக்கை வெளியே நீட்டி, ஒரு கண்ணை மூடி, தவறவிட்டு, மறுபடி எச்சில் தொட்டுக் கோர்ப்பாள். உனக்குக் கை பரபரக்கும். வாங்கிவிடாதே. நூலை நீளமாக எடுத்தால் சிக்கும். அவள் கை முழுக்க நீட்டினால் எவ்வளவு வருமோ அவ்வளவு போதும், உன் கைக்கு அளக்காதே. தையல் கோணினால் பிரிக்காதே, அடுத்ததை அவளே நேராகப் போடுவாள். ஊசி குத்தினால் அழமாட்டாள். விரலை உன்னிடம் நீட்டினால் ஊது. நீட்டாவிட்டால் பார்க்காத மாதிரி இரு.

முக்கியமானது இதுதான். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்காதே. உன் கையில் ஒரு துணியை வைத்துக்கொண்டு அதைப் பார். சும்மாவாவது தை. நீ அவளைப் பார்க்காதபோதுதான் அவள் உன் பக்கம் நகர்ந்து உட்காருவாள். என்னிடமும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டாள்.

அப்பாவும் நானும் காத்திருக்கிறோம். அவளிடம் சொல்லியிருக்கிறேன். எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறேன். அவள் ஊசிப் பெட்டியை எடுத்து உன் ஊருக்குக் கொண்டுபோகிற பையில் வைத்தாள்.

உன் தங்கை


ஜூலை 19

என் தங்கைக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டோம். சிட்டுவுக்கு லேசாகச் சளி, வேறொன்றுமில்லை. அப்பா எப்படி இருக்கிறார்? நீ ஸ்டேஷனுக்கு வராமல் தெருமுனையிலேயே நின்றுவிட்டாய். ஏனென்று நான் கேட்கப்போவதில்லை.

முதலில் அழுதாள். வண்டி ஆற்றுப் பாலத்தைத் தாண்டும் வரை உன்னைக் கூப்பிட்டு அழுதாள். என்னவென்று கூப்பிட்டாள் என்று உனக்குத் தெரியும். நான் அவளைத் தொடவில்லை. நீ சொன்னபடி ஒரு கைக்குட்டையை எடுத்து அதன் ஓரத்தைத் தைக்க ஆரம்பித்தேன். என்ன தைத்தேனோ, எனக்கே தெரியாது. கண்ணை அதிலிருந்து எடுக்கவில்லை. வெளியே வயல், மின்கம்பம், மழை எல்லாம் போய்க்கொண்டே இருந்தது. அழுகை நின்றது. கொஞ்ச நேரம் கழித்து என் தொடையில் ஏதோ பாரம். சீப்புப் பையை என் மடிமேல் வைத்து, அதன்மேல் குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள். அவள் மூச்சு என் முழங்காலில் பட்டது. நான் அசையவே இல்லை. கால் மரத்துப்போனது.

இறங்கும் இடம் வந்தபோது எழுந்தேன். பையும் என்னோடு எழுந்தது. நான் போட்டிருந்த நீளக் கவுனையும் சேர்த்தே தைத்திருக்கிறாள். ஒரு பக்கம் முழுக்க, நெருக்கமாக. அவள் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். பிறகு, "எந்திரிக்காத, இன்னும் முடியல" என்றாள்.

வண்டி அதிக நேரம் நிற்காது. அப்படியே இறங்கினோம். பை என் முழங்காலில் தொங்கியது. அதிலிருந்து போன நூலின் நுனியில் ஊசி, ஊசி அவள் கையில். என் கையைப் பிடிக்கச் சொன்னால் பிடிக்கவில்லை, ஊசியைத்தான் பிடித்துக்கொண்டாள். "மெதுவா நட, அறுந்துடும்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஸ்டேஷனிலிருந்து அறை வரை அந்த நூல் தொய்யாமலும் அறாமலும் நடந்தேன். தெருவே பார்த்தது. நான் நடந்த மாதிரி இந்த ஊரில் யாரும் நடந்திருக்க மாட்டார்கள்.

இன்னும் அவள் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. இங்க பாரு என்கிறாள். நானும் பார்க்கிறேன்.

கவுன் ஆணியில் மாட்டியிருக்கிறது, பையோடு. துணி கிழியாமல் இதைப் பிரிப்பது எப்படி என்று எழுது.

அக்கா


ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவும் நானும் சுகம். சிட்டுவுக்குச் சளி விட்டதா? மூக்கைத் துடைக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள், பின்னாலிருந்து துடை.

வீடு அமைதியாக இருக்கிறது. பகலில் தூங்குகிற அப்பா, லீவு நாளிலும் சத்தமே இல்லாததால் தூக்கம் கலைகிறது என்கிறார். மாடி அறையில் பிள்ளைகள் முதல் வாரம் அவளைக் கேட்டார்கள். கதவைத் தாண்டிப் போய்விட்டாள் என்றேன். அவர்களுக்கு அது புரிந்தது. அவள் பாய் இருந்த இடத்தில் இப்போது ஒரு புதுக் குழந்தை தவழ்ந்து வந்து படுத்துக்கொள்கிறது. அதன் அம்மா முதல் நாள் அழுதபடி கீழே போக மனமில்லாமல் நின்றாள். நான் அவளிடம் போய்ப் பேசினேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை, ஆனால் நானாகத்தான் பேசினேன். டீச்சர் ஆச்சரியப்பட்டார்.

அந்தப் பிள்ளைகள் வாய் தவறி என்னைக் கூப்பிடும்போது இப்போது சிரித்துக்கொண்டே திருத்துகிறேன்.

பிரிக்கிற வழி இது. பையின் பக்கமாக இழுக்காதே. கவுனை உள்பக்கம் திருப்பு. அங்கே தெரிகிற தையல்களில் ஒன்றுவிட்டு ஒன்றாகச் சின்னக் கத்தரியால் வெட்டு. பிறகு மேல்பக்கம் வந்து நூலின் நுனியைப் பிடித்து மெதுவாக இழுத்தால் மொத்தமாக உருவிக்கொண்டு வரும். துணிக்கு ஒன்றும் ஆகாது. துளைகள் தெரியும். ஆவியில் காட்டி விரலால் தேய்த்தால் அதுவும் மறைந்துவிடும்.

ஆனால் வெட்டுவதற்கு முன் அவளைக் கேள். இன்னும் முடியவில்லை என்று சொன்னாள் அல்லவா? அந்தக் கவுன் உனக்கு அவசரமாக வேண்டியதில்லை என்றால், அதைப் போட்டுக்கொண்டு உட்கார், அவள் தைத்து முடிக்கட்டும்.

இருவரும் நன்றாக இருங்கள். இந்தக் கடிதத்தை அவளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு. யார் எழுதியது என்று கேட்டால், கீழே இருப்பதைச் சொல்.

சித்தி